ராஜ்காட் பாலமும் இரண்டு கங்கைக் காவலர்களும்

நம் சங்கத்தின் மலருக்கு ஒவ்வொரு முறையும் கட்டுரை கேட்கும்போது, "நயினார், இந்தத் தடவையாவது பார்சுவநாதரை விட்டு வெளியே வாங்க" என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அவர் சொல்வதும் நியாயம்தான். பேலுப்பூரில் பிறந்த பார்சுவநாதர், பதைனியில் பிறந்த சுபார்சுவநாதர், சாரநாத்துப் பக்கம் பிறந்த சிரேயாம்சநாதர், சந்திராவதியில் பிறந்த சந்திரப்பிரபர் ஆகிய நான்கு தீர்த்தங்கரர்களைப் பற்றியும் எழுதி முடித்தாகிவிட்டது. ஆகவே இந்த முறை, நாம் எல்லோரும் தினமும் பார்க்கிற ஒரு பாலத்தைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். நான் பட்டு வியாபாரி. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படிக்கவில்லை. கடை அடைத்த பிறகு படித்ததும், இங்கே நாற்பது வருடத்துக்கு மேல் இருந்து பார்த்ததும்தான் என் மூலதனம். தவறு இருந்தால் கற்றோர் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

1981ஆம் வருடம் ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பெங்களூர்ப் பட்டு நூல் வியாபாரத்துக்காக நான் முதன்முதலில் காசிக்கு வந்தேன். மொகல்சராயில் இறங்கி, டெம்போவில் ஏழெட்டுப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு கங்கையைக் கடந்தேன். பாலத்தின் மேல்தட்டில் எங்கள் வண்டி, கீழ்த்தட்டில் ரயில். காலுக்கடியில் ரயில் ஓடும் அதிர்வு அன்றைக்குப் புதுசு. பக்கத்தில் இருந்த கிழவி ஜன்னல் வழியே காசு வீசிக் கும்பிட்டாள். "இந்தப் பாலத்தின் பெயர் என்ன?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் டிரைவரைக் கேட்டேன். "ராஜ்காட் புல்" என்றார். கடைக்குப் போய் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், "மாளவியா புல்லுப்பா" என்றார். தறிக்காரர் வீட்டுத் தாத்தா ஒருவர் மட்டும் "டஃப்ரின்" என்றார். ஒரே பாலத்துக்கு மூன்று பெயர். எது சரி என்று அப்போது தெரியவில்லை. மூன்றும் சரிதான் என்று பிறகு தெரிந்தது.

பாலம் 1887இல் திறக்கப்பட்டது. அவுத் ரோஹில்கண்ட் ரயில்வேயின் பொறியாளர்கள் கட்டியது. 350 அடிக் கண்கள் 7, 110 அடிக் கண்கள் 9, மொத்தம் சுமார் 1,048 மீட்டர். கீழே இருப்புப்பாதை, மேலே கிராண்ட் டிரங்க் சாலை. அப்போது வைஸ்ராயாக இருந்தவர் டஃப்ரின் பிரபு (1884-1888). பர்மாவை இந்திய சாம்ராஜ்யத்தோடு சேர்த்தவர் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். அவருக்கும் கங்கைக்கும் என்ன சம்பந்தம் என்றால், அவர் நாற்காலியில் இருந்த சமயத்தில் பாலம் முடிந்தது, அவ்வளவே. அந்தக் காலத்துப் பாலங்கள் பலவற்றுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. நம் பாரதியார் அனுமான் காட்டில் அத்தை வீட்டில் இருந்து படித்த நாளில் (1898-1902) இந்தப் பாலம் டஃப்ரின் பாலம்தான். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இடையில் ஒரு சிறு செய்தி. 1940 வாக்கில் பாலத்தை ஒட்டிய காசி ரயில் நிலையத்தை விரிவாக்கத் தோண்டியபோதுதான் ராஜ்காட் மேட்டுக்கடியில் பழைய வாராணசி நகரமே புதைந்து கிடப்பது வெளிவந்தது. முத்திரைகள், மண்பாண்டங்கள் எல்லாம் கிடைத்தன. அதை எழுதினால் தனிக் கட்டுரையாகும். அடுத்த மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

1946 நவம்பர் 12ஆம் தேதி பண்டித மதன்மோகன் மாளவியா காசியில் காலமானார். சுதந்திரத்துக்குப் பின், 1948இல், டஃப்ரின் பாலம் மாளவியா பாலம் ஆயிற்று. ஏன் மாளவியா என்று இன்று யாரைக் கேட்டாலும், "பல்கலைக்கழகம் கட்டினாரே" என்பார்கள். உண்மை. 1916 பிப்ரவரி 4ஆம் தேதி ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டிய காசி இந்துப் பல்கலைக்கழகம் அவருடைய உழைப்பு. ஆனால் அதே 1916ஆம் வருடம் டிசம்பரில் அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. ஒரு ஆற்றுப் பாலத்துக்கு அவர் பெயர் பொருந்துவதற்கு அதுதான் சரியான காரணம் என்பது என் கருத்து. பாலத்தில் போகிறவர்களில் அதை அறிந்தவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம்.

அந்தக் கதை ஹரித்துவாரில் நடக்கிறது. 1854இல் காட்லி என்ற பொறியாளர் கட்டி முடித்த கங்கைக் கால்வாய் ஹரித்துவாரிலிருந்து புறப்படுகிறது. அவர் காலத்திலேயே, ஆற்றைக் கட்டிப்போடக்கூடாது என்று அங்குள்ள பண்டாக்கள் எதிர்த்தார்கள். அணையில் ஒரு இடைவெளி விட்டு நீர் தடையில்லாமல் போக விடுகிறேன், படித்துறைகளையும் செப்பனிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அவர் சமாதானம் செய்தார். கால்வாய் வேலையைப் பிள்ளையார் பூஜையோடு தொடங்கினார் என்பார்கள். ஐம்பது, அறுபது வருடம் கழித்து, பாசனத்துக்கு இன்னும் நீர் வேண்டும் என்று பீம்கோடாவில் நிரந்தர அணைக்கட்டு கட்ட அரசாங்கம் முனைந்தது. அது முழுவதும் கட்டப்பட்டால், ஹர் கி பௌரி படித்துறைக்கு வரும் தண்ணீர் கதவு வழியாகத் திறந்துவிடப்படும் தண்ணீர் ஆகிவிடும். கதவைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரி கையில். கதவு வழியாக வருவது கால்வாய். தானாக வருவதுதான் கங்கை. யாத்திரிகர்களின் எண்ணம் இது. கேலியாகத் தோன்றலாம். ஆனால் இன்றைக்கு விஞ்ஞானிகள் ஆற்றுக்குக் குறைந்தபட்ச நீரோட்டம் வேண்டும் என்று பேசுவதை, அந்த ஜனங்கள் தங்கள் பாஷையில் சொன்னார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாளவியா 1905இலேயே கங்கா மகாசபையைத் தொடங்கியிருந்தார். (அதே 1905இல்தான் பதைனியில் எங்கள் ஸ்யாத்வாத மகாவித்யாலயமும் கணேசபிரசாத வர்ணி அவர்களால் தொடங்கப்பட்டது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.) அவர் வழக்கறிஞர். கூட்டம் போட்டுக் கோஷம் போடுவதோடு நிறுத்தவில்லை. 1914 நவம்பரில் ஐக்கிய மாகாணத்தின் லெப்டினண்ட் கவர்னர் மெஸ்டன் தலைமையில் ஒரு பேச்சு நடந்தது. அதில் ஏற்பட்ட முடிவு திருப்தியாக இல்லை. மறுபடி 1916 டிசம்பர் 18, 19 தேதிகளில் ஹரித்துவாரில் மாநாடு கூடியது. ஜெய்ப்பூர், பிகானேர், பாட்டியாலா, ஆல்வார், காசி மகாராஜாக்களை மாளவியா தம் பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். ஜெய்ப்பூர் மாதோசிங் யார் தெரியுமா? 1902இல் லண்டன் போனபோது, ஏறக்குறைய மனிதன் உயரமுள்ள வெள்ளிக் குடங்களில் கங்கை நீரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாரே, அவரேதான். அந்தக் குடங்கள் இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களை எதிரில் வைத்துக்கொண்டு சர்க்கார் மறுக்க முடியவில்லை.

முடிவு என்ன? அணையில் கதவு இல்லாத திறப்பு ஒன்று விடவேண்டும். ஹர் கி பௌரிக்குப் போகும் ஓடையில் குறைந்தது 1,000 கியூசெக், அதாவது வினாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல், எப்போதும் ஓட வேண்டும். இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று: இனிமேல் இந்த ஏற்பாட்டை மாற்றுவதானால் இந்து சமூகத்தாரைக் கலந்து பேசாமல் மாற்றக்கூடாது. அந்த ஒப்பந்தத்தின் 32ஆம் பிரிவு என்று இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். வியாபாரியாகப் பார்த்தால், இது நல்ல பத்திரம். எதிராளி நாளைக்கு மனம் மாறினாலும் நம்மைக் கேட்காமல் செய்ய முடியாதபடி எழுதி வாங்கியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதே ஹரித்துவாரில் பிற்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கங்கைக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டடம் கட்டக்கூடாது என்று விதி வந்தது. ஹர் கி பௌரியைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு இடைஞ்சல். 2016 டிசம்பரில் மாநில அரசு ஓர் ஆணை போட்டு, அந்தப் பகுதியில் ஓடுவது கங்கை அல்ல, கால்வாய் என்று எழுதிவிட்டது! நீர் அதே நீர், படி அதே படி. பெயர் மட்டும் மாறியது, விதி விலகிப்போச்சு. பண்டாக்கள் விடாமல் போராடி, 2020 நவம்பரில்தான் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நூறு வருடத்துக்கு முன்பு மாளவியா எதற்காக வாதாடினாரோ, அதே வாதம்.

இப்போது காசிக்குத் திரும்பி வருவோம். 1919இல் மாளவியாவின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரி தொடங்கியது. பின்னாளில் அதன் சிவில் பொறியியல் துறையில் நீரியல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் இருந்தவர் வீர்பத்ர மிஸ்ரா (1938-2013). நம் குடும்பங்களில் பலருக்கு அவரைச் சங்கட் மோசன் அனுமார் கோயில் மகந்த் என்றுதான் தெரியும். தகப்பனார் இறந்தபோது 14 வயதில் அந்தப் பீடத்தில் உட்கார்ந்தவர். துளசிதாசர் வாழ்ந்த துளசி காட்டில் வீடு. காலையில் கங்கையில் முழுக்கு, பிறகு வகுப்பில் நீரோட்டக் கணக்கு. அறிவியலும் பக்தியும் ஆற்றின் இரண்டு கரைகள், இரண்டும் உறுதியாக இருந்தால்தான் ஆறு ஓடும் என்பது அவருடைய பேச்சின் சாரம்.

1982இல் அவர் நண்பர்களோடு சங்கட் மோசன் பவுண்டேஷன் தொடங்கினார். 1986 ஜூன் 14ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி நம் ராஜேந்திர பிரசாத் காட்டில் கங்கைச் செயல்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது, கூட்டத்தின் பின்வரிசையில் நானும் நின்றேன். தீனாபூரில் நாளொன்றுக்கு 8 கோடி லிட்டர் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையம், படித்துறை ஓரமாகப் பம்பு நிலையங்கள், எல்லாம் வந்தன. எல்லோரும் இனிமேல் கங்கை சுத்தம் என்று நினைத்தோம். மிஸ்ரா மட்டும் கணக்குப் பார்த்தார். சாக்கடையை மேலே ஏற்றுவது பம்பு. பம்பு ஓட மின்சாரம் வேண்டும். காசியில் அன்றைக்கு மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று நமக்குத் தெரியும். மின்சாரம் நின்றால் சாக்கடை திரும்ப ஆற்றுக்குள். மழைக்காலத்தில் ஆறு ஏறினால் பம்பு நிலையமே தண்ணீருக்குள். அப்படியே ஓடினாலும் அந்த முறையில் நோய்க்கிருமி போதுமான அளவு குறைவதில்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை, அளந்து சொன்னார். துளசி காட்டில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். 1990களில் ஒரு நண்பரோடு அங்கே போயிருக்கிறேன். ஜெயின் காட்டில் சுபார்சுவநாதரைச் சேவித்துவிட்டு, நாலைந்து படித்துறை தள்ளி நடந்தால் துளசி காட். பெரிய கட்டடம் என்று எண்ணிப் போனேன். சிறிய அறை, வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொரு படித்துறை நீரையும் எடுத்து, மலக்கிருமியை வளர்த்து எண்ணி, ஏட்டில் எழுதுகிறார்கள். குளிக்கும் நீரில் 100 மில்லிக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2,500க்கு மேல் கூடவே கூடாது என்பது அரசு விதி. சாக்கடை விழும் இடங்களில் அந்த எண் எங்கேயோ இருந்தது. சரக்கு சரியில்லை என்று வாயால் சொன்னால் வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டான், தராசில் வைத்துக் காட்டினால் வாயை மூடிக்கொள்வான். சர்க்காருக்கும் அவர் அதையே செய்தார்.

குறை சொன்னதோடு நிற்கவும் இல்லை. கலிபோர்னியாவின் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டுடன் சேர்ந்து மாற்றுத் திட்டம் ஒன்று போட்டார். படித்துறை ஓரமாகக் குழாய் பதித்து, சாக்கடையைப் பம்பு இல்லாமல் சரிவிலேயே ஊருக்குக் கீழே கொண்டுபோய், தொடர்ச்சியான குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் சுத்தம் செய்ய விடுவது. மின்சாரச் செலவு மிகக் குறைவு. நகர் நிகம் ஆதரித்தது. ஆனால் 2013 மார்ச் 13ஆம் தேதி அவர் கண்ணை மூடும்வரை அந்தத் திட்டம் கட்டப்படவில்லை. ஐ.நா.வின் குளோபல் 500 விருது (1992), டைம் பத்திரிகையின் பாராட்டு (1999) எல்லாம் வந்தன. அவர் கேட்டது குழாய். 2018 நவம்பரில் தீனாபூரில் 14 கோடி லிட்டர் நிலையம் ஒன்று புதிதாக வந்தது. அவரைப் போன்றவர்கள் முப்பது வருடம் கத்தியிராவிட்டால் இதுவும் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

என்னைக் கேட்பார்கள், "நயினார், ஆற்றில் குளித்தால் புண்ணியம் என்பதை உங்கள் நூல்கள் ஒத்துக்கொள்ளாதே?" என்று. வாஸ்தவம். எங்கள் இல்லறத்தார் ஒழுக்க நூல்கள் அதை உலக மூடம் என்றே சொல்லும். ஆனால் அதே நூல்கள்தான் தண்ணீரில் உயிர் இருக்கிறது, துணியில் வடிகட்டிக் குடி, வீணாகக் கொட்டாதே என்றும் சொல்லும். மகந்துக்கு கங்கை தாய். எனக்கு அது கோடானுகோடி உயிர். அதில் மலத்தை விடாதே என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள். பிறகுதான் சாயத் தொட்டி. எங்கள் சரக்குக்கு இருபது வருடத்துக்கு மேல் சாயம் போட்டுக் கொடுத்த சாச்சாவின் பட்டறை வருணைப் பக்கம் இருந்தது. தொட்டி நீர் பின்பக்கக் கால்வாயில் போகும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மயில்கழுத்து. அந்த நீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பிய வாரம்தான் முதல்முறையாகப் பட்டறையின் பின்புறம் போய்ப் பார்த்தேன். வருணை ராஜ்காட் பாலத்தைத் தாண்டியதும் ஆதிகேசவர் காட்டில் கங்கையோடு கலக்கிறது. பாலத்தின் மேல் நின்றால் அந்தப் பக்கம் தெரியும். சாச்சாவிடம் சொன்னேன். "பாபு, நீங்கள் மீட்டருக்கு எத்தனை ரூபாய் ஏற்றித் தருவீர்கள், நான் தொட்டி கட்டுகிறேன்" என்றார். நான் ஏற்றித் தரவில்லை. போட்டி அப்படி இருந்தது. அந்தக் கணக்கு இன்னும் என் பெயரில்தான் நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 16ஆம் தேதி மத்திய அமைச்சரவை, வாராணசிக்கும் பண்டித தீன்தயாள் உபாத்யாய் சந்திப்புக்கும் (2018க்கு முந்தைய மொகல்சராய்) இடையில் கூடுதல் ரயில் பாதைகளுக்கு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,642 கோடி ரூபாய். அதன் பகுதியாக மாளவியா பாலத்தின் பக்கத்திலேயே கங்கையின் மேல் புதுப் பாலம்: கீழே நான்கு ரயில் பாதை, மேலே ஆறு வழிச் சாலை. பழைய பாலத்துக்கு அப்போது வயது 137. அது தளர்ந்துவிட்டது, புதுசு வேண்டியதுதான்.

அந்தப் புதுப் பாலத்துக்கு வீர்பத்ர மிஸ்ரா பெயர் வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஆற்றின் ஓட்டத்தை மீட்டவர் பெயரில் ஒரு பாலம், அந்த ஓட்டத்தில் என்ன கலக்கிறது என்று அளந்தவர் பெயரில் பக்கத்துப் பாலம்.

போன பொங்கல் விழாவில் இதைச் சொன்னபோது இரண்டு ஆட்சேபணை வந்தது. ஒன்று, "பெயர் வைத்தால் ஆறு சுத்தமாகுமா?" ஆகாது. மாளவியா பெயர் வைத்தும் ஆகவில்லை. ஏன் வைத்தோம் என்பதை எழுதிவைக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் பெயரோடு ஒரு கல்வெட்டும் கேட்க வேண்டும். புதுப் பாலத்தில் அவருடைய பெயரும் அவர் அளந்த படித்துறைகளின் பெயரும், பழைய பாலத்தில் "1916 டிசம்பர் 18, 19, ஹரித்துவார்" என்ற வரியும் இந்தியில் இருந்தால் போதும். முடிந்தால் அன்றாடக் கிருமி எண்ணிக்கையைக் காட்டும் பலகை ஒன்று. இது அவருக்கு மாலையைவிடப் பிடித்திருக்கும்.

இன்னொரு ஆட்சேபணை, "நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கெதற்கு?" என்பது. கேதார் காட்டில் குமாரசாமி மடமும், நகரத்தார் சத்திரமும் இருக்கிற ஊரில் நாம் எத்தனை தலைமுறைக்கு வெளியூர்க்காரர் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போனால் அங்கே காவிரியையும் பாலாற்றையும் "கங்காஜி மாதிரி இல்லையே" என்கிறார்கள். அவர்கள் ஆறு இதுதான். நம் வீட்டுச் சாக்கடையும் இதே ஆற்றுக்குத்தான் போயிற்று. என் சாயத் தொட்டியும் அப்படித்தான்.

ரயில்வேக்கும் மாநில அரசுக்குமான மனுவை இந்தியில் எழுதி, கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் பிழை திருத்தி வாங்கிவிட்டேன். செயலாளரிடம் இருக்கிறது. இதுவரை 43 கையெழுத்து. சாச்சா இப்போது இல்லை. அவர் மகன் மதன்புராவில் கடை வைத்திருக்கிறான், அவன் கையெழுத்து 17ஆவது. மலர் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஒருவராவது வந்து போட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பேனா கொண்டுவர வேண்டியதில்லை, சங்கத்தில் இருக்கிறது.